பழைய வழிகாட்டியோடு மெட்ராஸில் நடக்க

சென்னைக்கு வருகிறவர்கள் இன்று பெரும்பாலும் ஊரின் கொல்லைப்புறம் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். சென்ட்ரலில், எழும்பூரில், கிளாம்பாக்கத்தில் இறங்கி, கிழக்கு நோக்கி நகர்கிறார்கள். கடல் கடைசியாக வருகிறது, அதுவும் மாலையில், சுண்டலோடு. நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வழிகாட்டி நூல் எதை எடுத்தாலும் வரிசை தலைகீழாக இருக்கும். அதில் முதலில் கடல், பிறகு கரையோரக் கட்டடங்கள், பிறகு கோட்டை, அதன் பின் கறுப்பர் பட்டணம், கடைசியில் மவுண்ட் ரோடு. கப்பலில் வந்து இறங்கியவனுக்காக எழுதப்பட்ட வரிசை அது. ஊரும் அதே கப்பல்காரனைப் பார்த்துக் கட்டப்பட்டதுதான்.

ஆகவே பழைய வழிகாட்டியிலிருந்து நமக்கு முதலில் வேண்டியது பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் அல்ல. பட்டியல் இப்போது எங்கும் கிடைக்கிறது. வேண்டியது அந்த வரிசை. அந்த வரிசையில் நடந்தால், தினமும் பேருந்தில் கடந்துபோகும் கட்டடங்கள் ஏன் அந்த இடத்தில் நிற்கின்றன, ஏன் அந்தத் திசையைப் பார்க்கின்றன என்பது தானாக விளங்கத் தொடங்கும்.

எந்தப் புத்தகம்

மெட்ராஸைப் பொறுத்தவரை பெரியண்ணன், லண்டன் ஜான் மர்ரே பதிப்பகத்தின் கைநூல். எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதிய மெட்ராஸ் பகுதி 1859இல் வந்தது. பிறகு மாகாணவாரித் தொகுதிகள் ஒன்றாகி, இந்தியா முழுமைக்கும் ஒரே தடித்த நூலாக 1970கள் வரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் படிப்பவர்களுக்கு 1914இல் வந்த பெடெக்கரின் இந்திய நூல் இருக்கிறது. அதை அந்த நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிடவேயில்லை. உள்ளூரில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் மெட்ராஸுக்கென்றே தனி வழிகாட்டி போட்டது. கிளின் பார்லோ 1921இல் எழுதிய மெட்ராஸ் கதை வழிகாட்டி நூல் அல்ல என்றாலும் கையில் வைத்துக்கொண்டு நடக்க ஏற்றது. இவற்றில் பலவும் காப்புரிமை தீர்ந்து, மின்னூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் இந்த வகை நூல்களைத் தேடிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அட்டையில் இருக்கும் வருடத்தை நம்பாதீர்கள். வழிகாட்டி நூல்கள் புதுப் பதிப்பு என்ற பெயரில் பழைய பக்கங்களை அப்படியே அச்சடிக்கும். முன்னுரை திருந்தியிருக்கும், விடுதிகளின் பெயர் மாறியிருக்கும், நடுப்பக்கம் இருபது வருடப் பழசாக இருக்கும். பக்கத்தின் உண்மையான வயதைக் கண்டுபிடிக்க மெட்ராஸில் ஒரு நல்ல வழி உண்டு: கலங்கரை விளக்கம் எங்கே என்று பாருங்கள். 1796 முதல் விளக்கு எரிந்தது கோட்டைக்குள், இன்றைய அருங்காட்சியகக் கட்டடத்தின் மொட்டைமாடியில். 1844 முதல் கோட்டைக்கு வடக்கே ஒரு கருங்கல் தூணின் உச்சியில். 1894 முதல் உயர்நீதிமன்றத்தின் கோபுரத்தில். 1977 முதல் மெரினாவில். தனித் தூண்தான் விளக்கு என்று உங்கள் பக்கம் சொன்னால், அட்டை என்ன சொன்னாலும் அந்த வரி 1894க்கு முந்தியது. இன்னும் நெருக்கிப் பிடிக்க வேண்டுமா? மின்சார டிராம் 1895இல் வந்தது, மூர் மார்க்கெட் 1900இல், ரிப்பன் கட்டடம் 1913இல். ஒரே அத்தியாயத்துக்குள் இரண்டு மூன்று வயதுகள் கலந்திருப்பதைக் கண்டால் எரிச்சல்பட வேண்டாம். எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்று தெரிவதும் ஒரு தகவல்தான்.

வீட்டிலேயே செய்யவேண்டியவை

மூல நூல் கையில் இருந்தாலும் அதைத் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். மெட்ராஸ் வியர்வைக்கு அந்தத் தாள் தாங்காது. தேவையான பக்கங்களை ஜெராக்ஸ் எடுங்கள். மடிப்பு வரைபடத்தைத் துண்டு துண்டாகப் படமெடுக்காமல், விரித்து ஒரே படமாக எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் ஓரத்தில்தான் எப்போதும் நமக்கு வேண்டிய தெரு போய் ஒளிந்துகொள்ளும்.

ஜெராக்ஸ் கைக்கு வந்ததும் பென்சிலால் பெயரடைகளை எல்லாம் அடித்துவிடுங்கள். கம்பீரமான, அழுக்கான, நெரிசலான, காணத்தகாத. இவை எழுதியவனின் மனநிலையே தவிர ஊரின் நிலை அல்ல. மிஞ்சுவது பெயர், திசை, தூரம். இந்த மூன்றும் நூறு வருடம் கழித்தும் வேலை செய்யும்.

தூரம் மைலில் இருக்கும், ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். பர்லாங் என்றால் இருநூறு மீட்டர். ஆனால் அந்த ஆசிரியர் நடக்கவில்லை, குதிரை வண்டியில் போனார் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் ஒரு காலைப்பொழுதில் முடிக்கச் சொல்லும் சுற்றை நீங்கள் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு மிக அருகில் இருப்பது உங்களுக்கு இருபது நிமிடம்.

அடுத்தது பெயர்மாற்றம். கைவசம் வைத்திருக்க ஒரு சிறு கணக்கு: நார்த் பீச் ரோடு என்றும் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்றும் வருவது இன்றைய ராஜாஜி சாலை. சைனா பஜார் என்பது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. பாப்ஹாம்ஸ் பிராட்வே என்பது பிரகாசம் சாலை. மவுண்ட் ரோடு அண்ணா சாலை. பூந்தமல்லி நெடுஞ்சாலை பெரியார் ஈ.வெ.ரா. சாலை. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. சவுத் பீச் ரோடு காமராஜர் சாலை. பிளாக் டவுன் (கறுப்பர் பட்டணம்) என்று இருந்தால் பழைய பக்கம், ஜார்ஜ் டவுன் என்று இருந்தால் 20ஆம் நூற்றாண்டுப் பக்கம்.

பெயர்ப் பலகை மாறினாலும் பேருந்து நடத்துனர் மாறவில்லை. பிராட்வே, பாரிஸ், மவுண்ட் ரோடு என்று சொன்னால் இன்றும் டிக்கெட் கிடைக்கும். தெருவில் விசாரிக்கும்போது மட்டும் கொஞ்சம் விவரமாக இருங்கள். டீக்கடையில் வயதானவரிடம், “ஐயா, இந்தத் தெருவுக்கு முன்னாடி வேற பேரு இருந்துச்சா?” என்று கேட்டால், “பேரு எதுக்கு தம்பி, உனக்கு என்ன வாங்கணும்?” என்பதுதான் பெரும்பாலும் திரும்பி வரும். அதில் நியாயம் இருக்கிறது. ஜார்ஜ் டவுன்காரர்களுக்குத் தெரு என்றால் சரக்கு: கோடவுன் தெரு ஜவுளி, ஆண்டர்சன் தெரு காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்து. சரக்கைச் சொல்லிக் கேளுங்கள், தெரு கிடைக்கும். தெரு கிடைத்த பிறகு பேரைக் கேட்டால் நாற்காலியும் கிடைக்கும்.

நாள்: மார்கழி, தை, மாசி. கிழமை: ஞாயிறு. நேரம்: காலை ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள். வார நாளில் இந்தப் பகுதியில் தள்ளுவண்டிக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவில் நின்று மேலே அண்ணாந்து பார்ப்பது உடம்புக்கு ஆகாது.

முதல் நடை: கரையிலிருந்து கோட்டைக்கு

சென்னை பீச் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் முதலில் தோன்றுவது, பேர்தான் பீச், கடல் எங்கே என்பது. அந்தக் கேள்வியிலிருந்துதான் நடை தொடங்குகிறது. உங்கள் கையிலுள்ள பழைய வரைபடத்தில் இந்தச் சாலையின் ஓரத்தில் அலை அடிக்கும்.

மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் பெட்டியும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. ஆணி அடித்த படகாக இருந்தால் அந்த அலை அடிக்கும் அடியில் பிளந்துவிடும். 1860களில் கடலுக்குள் நீட்டிய ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். 1876இல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கி, 1881 புயலில் அதில் பெரும்பகுதி போய், மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் வந்தபின் கடலோரத்து மணல் போக்கே மாறியது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. இங்கே சாலைக்குக் கிழக்கே நிலம் முளைத்து, துறைமுகமும் கிடங்கும் தண்டவாளமும் வந்து உட்கார்ந்தன. உங்கள் வழிகாட்டி அலையைப் பற்றிப் பேசுகிறதா, பாலத்தைப் பற்றியா, துறைமுகத்தைப் பற்றியா என்று பாருங்கள். கலங்கரை விளக்கம் காட்டிக்கொடுக்காத வயதை இது காட்டிக்கொடுக்கும்.

இப்போது சாலையின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே திரும்புங்கள். சிசோம் வடிவமைத்து 1884இல் எழுந்த பொது அஞ்சலகம், மெட்ராஸ் வங்கிக்காகக் கட்டப்பட்டு இப்போது ஸ்டேட் வங்கி இருக்கும் சிவப்புக் கட்டடம், அவற்றை ஒட்டிய பழைய வணிக நிறுவனங்கள், எல்லாமே கடலைப் பார்த்து வரிசை கட்டி நிற்கின்றன. எதிரே கப்பலில் வருகிறவன் பார்க்கத்தான் இத்தனை அலங்காரமும். இன்று அவற்றுக்கு எதிரே இருப்பது மதில் சுவர். இவற்றுக்குப் பின்னால் உள்ளே தள்ளி ஒரு தெருவுக்கு இன்றும் செகண்ட் லைன் பீச் என்று பெயர் இருக்கிறது.

தெற்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் பாரிமுனை. 1788இல் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் இது. இப்போதுள்ள டேர் ஹவுஸ் 1940இல் முடிந்த கட்டடம், ஆகவே அதற்கு முந்தைய வழிகாட்டியில் அதைத் தேடாதீர்கள். தேடவேண்டியது அதன் அருகே நடைபாதையோரம் ஒடுங்கி நிற்கும் கல்தூண். 1773ஆம் வருடத்தைத் தாங்கிய அந்தத் தூண், அப்போது நட்ட ஆறு எல்லைக் கற்களில் மிஞ்சிய ஒன்று. அந்த எல்லைக்குத் தெற்கே, கோட்டை வரை, யாரும் எதுவும் கட்டக்கூடாது. கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைவு இருக்கக்கூடாது என்பதற்காக. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும், பின்பு 1758இல் அவர்களுடைய தளபதி லாலி முற்றுகையிட்டதும் கற்றுக்கொடுத்த பாடம் இது. அதற்குமுன் அங்கே ஓர் ஊரே இருந்தது. பழைய கறுப்பர் பட்டணம் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. அதை இடித்துத் தள்ளி வெறும் பொட்டலாக்கினார்கள். பழைய நூல்களில் எஸ்பிளனேடு என்று வருவது இந்தப் பொட்டலைத்தான்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் இந்தப் பகுதி முழுவதும் பிடிபடும். உயர்நீதிமன்றமும் (1892) பழைய சட்டக்கல்லூரியும் இத்தனை விஸ்தாரமான வளாகங்களில் இருப்பது எப்படி? பொட்டல் காலியாகக் கிடந்ததால். சென்னகேசவப் பெருமாள் கோயில் பூக்கடைப் பக்கம் இருப்பது ஏன்? அது முதலில் இருந்தது இன்றைய உயர்நீதிமன்ற இடத்தில், இடித்தபின் வடக்கே கட்டிக்கொடுத்தார்கள். பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் தனியாக ஒரு கல்லறை நிற்பது ஏன்? அங்கே ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. முற்றுகையின்போது எதிரிப் படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கியதால், பிறகு கல்லறைகளை அகற்றிக் கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் தேவாலய முற்றத்தில் பாவிவிட்டார்கள். ஆளுநர் எலிஹு யேலின் பிள்ளை புதைக்கப்பட்ட இடம் தப்பியது.

உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. கட்டுப்பாடுகள் அடிக்கடி மாறும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியிலிருந்தே மூன்றாவது விளக்கின் கோபுரம் தெரியும். மதில் ஓரமாக நடந்தால் இரண்டாவது விளக்கான கருங்கல் தூணும் தெரியும். கிழக்குச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது: 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டு விழுந்த இடம். பெடெக்கர் அந்த வருடம்தான் வந்தது என்பது நினைவிருக்கட்டும். அந்த நூலை வாங்கிய ஜெர்மானியரில் எத்தனை பேர் அதை வைத்து மெட்ராஸில் நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் அடையாள அட்டை அவசியம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. ஆக, ஞாயிறு இங்கேயும் தோதான நாள். 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்தின் உள்ளே எந்த வழிகாட்டியும் வேண்டாம், சுவரே பேசும். வெளியே முற்றத்தில்தான் கவனமாக நடக்கவேண்டும், மேலே சொன்ன கல்லறைப் பலகைகள் உங்கள் காலடியில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் நிற்கும் கார்ன்வாலிஸ் சிலை பல இடம் மாறி இங்கே வந்து சேர்ந்தது. அவருடைய நினைவு மண்டபம் ஒருகாலத்தில் இருந்த இடத்தைத் தேனாம்பேட்டையில் செனடாஃப் ரோடு என்று இன்னும் சொல்கிறார்கள். பழைய வழிகாட்டியில் சிலை என்று போட்டிருக்கும் இடத்துக்குப் போய்ச் சிலை இல்லையென்றால், முதலில் இங்கும் அடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தேடுங்கள். 1857இல் வட இந்தியாவில் கொடூரம் செய்த ராணுவ அதிகாரி நீலின் சிலை, போராட்டங்களுக்குப் பிறகு 1937இல் மவுண்ட் ரோட்டிலிருந்து எழும்பூருக்குத்தான் போனது. அதைப் பார்க்கவேண்டிய சிலையாகக் குறித்துக் கொடுக்கும் பக்கத்தைப் படிக்கும்போது, பெயரடைகளை அடித்தது எவ்வளவு நல்லது என்று புரியும். ஆளுநர் மன்றோ மட்டும் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில், 1839 முதல் தீவுத்திடலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாம் நடை: நூல் நுழையாத தெருக்கள்

ஜார்ஜ் டவுனில் உங்கள் வழிகாட்டி திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். கோட்டைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர் இங்கே ஒரு பத்தியில் கடையும் நெரிசலும் என்று முடித்துவிடுவார். ஆர்மீனியன் தெருவின் 1772 தேவாலயம், சைனா பஜாரில் ஏதென்ஸ் கோயில் சாயலில் 1850இல் திறந்த பச்சையப்பன் மண்டபம், இவைதான் அவர் கண்ணுக்குப் பட்டிருக்கும். தூண் இருந்தால்தான் அவருக்குக் கட்டடம்.

இங்கே நூலை மூடிவிட வேண்டாம். அது எங்கே மௌனமாகிறதோ அந்த இடங்களை வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றுக்குள் நுழையுங்கள். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். சிவாஜி வந்து வழிபட்டார் என்பது கோயிலின் மரபு. சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் பாரதி வந்துபோன சந்நிதி. ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். இளவயது வள்ளலார் பாடிய முருகன் அங்கே. அவர் வாழ்ந்த வீராசாமி பிள்ளைத் தெரு ஏழுகிணறு பகுதியில். இந்த ஏழுகிணறு ஆங்கிலேயரின் எழுத்தில் இடம்பெறுவது கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகளாக மட்டும்தான். நம் ஆட்களுக்கு அது வள்ளலார் பேட்டை. இரண்டையும் சேர்த்துக்கொண்டு நடங்கள், ஒன்றை ஒன்று மறுப்பதில்லை.

மேற்கு எல்லை வால்டாக்ஸ் சாலை. 1770 வாக்கில் புதிய கறுப்பர் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பிவிட்டு, செலவை உள்ளூர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. யானைகவுனி என்பது அந்த மதிலின் வாசல்களில் ஒன்று. மதிலின் எச்சம் வடக்கே ஓல்ட் ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவாக இருக்கிறது. நேரமிருந்தால் போகலாம், இல்லாவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

நடை முடிவது சென்ட்ரலில். 1900க்குப் பிந்தைய நூல் என்றால் பக்கத்தில் மூர் மார்க்கெட்டைக் காட்டும், பின்னால் மிருகக்காட்சி சாலையையும். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர்காலேஜ் என்றும் ஊரார் சொன்ன காலம். 1985இல் மார்க்கெட் தீக்கிரையானது, விலங்குகள் வண்டலூருக்குப் போயின. மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம். ரயில்வே வழக்கில் அது இன்றும் மூர் மார்க்கெட் வளாகம்தான்.

மவுண்ட் ரோட்டைப் பற்றி

அதை ஒரே மூச்சில் நடக்காதீர்கள். அந்தச் சாலை வண்டிக்காகவே போடப்பட்டது, வழிகாட்டியும் வண்டியிலிருந்தே பார்த்தது. தீவுத்திடலில் மன்றோவைப் பார்த்துவிட்டு, ஹிக்கின்பாதம்ஸின் 1904 கட்டடம் வரை நடந்தால் போதும். மீதிக்கு மெட்ரோ இருக்கிறது.

அதற்குப் பதிலாக வரைபடத்தில் இந்தச் சாலைக்கு மேற்கே பாருங்கள். 1920க்கு முந்தைய படமாக இருந்தால் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஒரு நீர்ப்பரப்பு கிடக்கும். லாங் டேங்க் என்று எழுதியிருப்பார்கள். 1920களில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. இங்கே பழைய படத்தை வைத்துக்கொண்டு நடப்பது என்றால் கரையைத் தேடி நடப்பது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. மழைக்காலத்தில் எந்தெந்தத் தெருவில் முதலில் தண்ணீர் தேங்குகிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு, அந்தத் தெருக்களைப் பழைய படத்தில் புள்ளி வையுங்கள். இந்த நடைக்கு மட்டும் தை மாசி வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை விட்ட மறுநாள் காலை போகலாம். மாம்பலம் ரயில் நிலையத்தில் மேற்குப் பக்கம் இறங்கினால் லேக் வியூ ரோடு நடக்கிற தூரம்தான்.